க்ரூஸர் வாங்கலாமா? முதலில் கால் எங்கே போகிறது என்று பாருங்கள்

காலை முன்னால் நீட்டி, தாழ்ந்த சீட்டில் சாய்ந்தாற்போல ஓட்டும் பைக்தான் க்ரூஸர். ஷோரூமில் நிற்கும்போது எல்லா க்ரூஸரும் சொகுசுதான். துளி வடிவ டேங்க், தாழ்ந்த சீட், மின்னும் குரோம். ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியும், கை தானாக ஹேண்டில்பாரைத் தேடிப் போகும். உட்கார்ந்து பார்க்கிற அந்த இரண்டு நிமிடத்தில் குறை எதுவும் தெரியாது. நாற்பதாவது நிமிடத்தில், பள்ளமும் மேடுமான ரோட்டில்தான் வண்டி தன் குணத்தைக் காட்டும். அதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது என்று பார்ப்போம்.

நாற்காலியில் ஒரு சோதனை

வீட்டில் ஒரு சாதாரண நாற்காலியில் உட்காருங்கள். எதிரே இரண்டடி தள்ளி இரண்டு செங்கல் வைத்து, குதிகாலை அதன்மேல் ஊன்றுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும், கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்த மாதிரி முன்னால் நீண்டிருக்கட்டும். இப்போது எதையும் பிடிக்காமல் உடம்பை நாற்காலியிலிருந்து ஒரு அங்குலம் மேலே தூக்கிப் பாருங்கள். முடியாது. இனி பாதங்களை முழங்காலுக்கு நேர் கீழே, சற்றே பின்னால் இழுத்து வைத்துத் தூக்குங்கள். எழுந்துவிடுவீர்கள்.

க்ரூஸருக்கும் மற்ற பைக்குக்கும் உள்ள வித்தியாசத்தில் முக்கால்வாசி இந்தச் சோதனைக்குள் அடங்கிவிடும். சாதாரண பைக்கில் பள்ளம் தெரிந்ததும் ஓட்டுபவர் தன்னையறியாமல் ஃபுட்ரெஸ்டை மிதித்து உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார். முழங்காலே ஒரு ஷாக் அப்சார்பராக வேலை செய்யும். க்ரூஸரில் கால் முன்னால் போய்விடுவதால் அதற்கு வழியில்லை. அடி நேராக வால் எலும்புக்குப் போய், அங்கிருந்து கீழ்முதுகுக்கு ஏறும். போதாததற்கு, சீட்டைத் தாழ்வாக வைப்பதற்காகப் பின் ஷாக்கின் ஓட்டத்தையும் குறைத்திருப்பார்கள். பல க்ரூஸர்களில் பின்சக்கரம் மேலும் கீழும் போய்வர 100 மி.மீ. அல்லது அதற்கும் குறைவான இடம்தான் இருக்கும்.

இன்னொன்று: முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் இருந்தால் இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து, கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிவிடும். டிஸ்க் தொந்தரவு ஏற்கெனவே இருப்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெல் சீட் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். சீட் மாற்றினால் உட்காரும் இடத்தின் எரிச்சல் குறையும், முதுகுக்குப் போகும் அடி குறையாது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முழங்காலை அதிகம் மடக்க முடியாதவர்களுக்கும், முன்னால் குனிந்து ஓட்டினால் மணிக்கட்டு வலிப்பவர்களுக்கும் க்ரூஸர் உண்மையிலேயே நிம்மதியான வண்டி.

கிளாசிக் தோற்றம் வேறு, க்ரூஸர் வேறு

க்ரூஸர் வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது பழைய காலத்துத் தோற்றம். அதற்குக் கால் முன்னால் போக வேண்டிய அவசியமே இல்லை. ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350-ஐயும் மீட்டியார் 350-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே 349 சிசி எஞ்சின், அதே 20.2 குதிரைத்திறன், அதே 27 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). எடைகூட கிட்டத்தட்ட ஒன்றுதான்: கிளாசிக் 195 கிலோ, மீட்டியார் 191 கிலோ. ஆனால் கிளாசிக்கின் சீட் உயரம் 805 மி.மீ., பாதம் ஏறக்குறைய உடம்புக்குக் கீழே வரும். மீட்டியாரின் சீட் 765 மி.மீ., பாதம் முன்னால் போகும். எஞ்சினில் வித்தியாசம் இல்லாததால், ஓட்டிப் பார்க்கும்போது தெரிகிற வித்தியாசம் பெரும்பாலும் உட்காரும் நிலையால் வருவதுதான். இரண்டையும் ஒரே ரோட்டில் ஒரே நாளில் ஓட்டிப் பார்ப்பதைவிட நல்ல பரிசோதனை இல்லை. வேறு கம்பெனி வண்டி வாங்குவதாக இருந்தாலும் இதைச் செய்யலாம்.

கால் வைக்கும் இடத்திலும் தரம் உண்டு. கால் கிட்டத்தட்ட நேராக நீளும் அளவுக்கு எஞ்சினுக்கு முன்னால் ஃபுட்ரெஸ்ட் வைத்த வண்டிகள் ஒரு ரகம். எஞ்சினின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் வைத்தவை இன்னொரு ரகம். ஹோண்டா ரெபல் 500-இல் சீட் 690 மி.மீ. என்ற தாழ்வான உயரத்தில் இருந்தாலும் ஃபுட்ரெஸ்ட் ரொம்ப முன்னால் போவதில்லை. கவாசாகி வல்கன் எஸ்-இல் ஃபுட்ரெஸ்டை மூன்று நிலைகளில் பொருத்தலாம். ஓட்டுபவரின் உயரத்துக்குத் தக்கபடி மாற்றுவதற்காகவே அந்த ஏற்பாடு. முதல் க்ரூஸர் வாங்குபவருக்கு நடுவில் ஃபுட்ரெஸ்ட் உள்ள வண்டியே சரி. போட்டோவில் கொஞ்சம் கம்பீரம் குறையும், அவ்வளவுதான்.

எடையைக் கையால் பாருங்கள்

விளம்பரத்தில் எடையைப் படிக்கும்போது ‘கெர்ப்’ எடையா, ‘டிரை’ எடையா என்று கவனியுங்கள். முன்னது ஆயில், பேட்டரி, பெட்ரோலோடு சேர்ந்தது. பின்னது அவை இல்லாமல் சொல்வது, அதனால் 15, 20 கிலோ குறைவாகத் தெரியும். தாழ்ந்த சீட் எடையை மறைத்துவிடும். 241 கிலோ உள்ள சூப்பர் மீட்டியார் 650-இல் உட்கார்ந்தால் அவ்வளவு கனமாகத் தோன்றாது, ஏனென்றால் எடை தாழ்வாக இருக்கிறது, சீட் உயரமும் 740 மி.மீ.தான். இறங்கித் தள்ளும்போதுதான் தெரியும்.

ஆகவே ஷோரூமில் மூன்று காரியம் செய்து பாருங்கள். முதலாவது, சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியை உட்கார்ந்தபடி நிமிர்த்துங்கள். இரண்டு கையாலும் இழுத்துத் திணறினால் அது உங்களுக்குக் கனமான வண்டி. இரண்டாவது, உட்கார்ந்தபடியே காலால் உந்திப் பத்தடி பின்னால் தள்ளுங்கள். குதிகால் பதிந்தால்தான் இதற்கு வலு கிடைக்கும், நுனிக்கால் போதாது. சீட் உயரம் குறைவாக இருந்தும் சீட்டோ டேங்க்கோ அகலமாக இருந்தால் கால் பரந்து, பாதம் தரையில் முழுசாகப் பதியாமல் போவதுண்டு. காகிதத்தில் உள்ள மி.மீ. இதைச் சொல்லாது. மூன்றாவது, ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுக்கத் திருப்புங்கள். வெளிப்பக்கக் கை எட்டாமல் தோளை இழுத்தால், யூ-டர்ன் போடும்போது அந்தக் கைதான் கிளட்சையோ ஆக்ஸிலரேட்டரையோ பிடித்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நிறுத்தும் இடத்தையும் யோசியுங்கள். சரிவில் முன்சக்கரம் கீழே பார்க்க நிறுத்திவிட்டால் 240 கிலோவை ஒருவர் பின்னால் இழுத்து ஏற்ற முடியாது. பின்சக்கரம் பள்ளப் பக்கம் இருக்கும்படி பின்னாலேயே இறக்கி நிறுத்தினால், எடுக்கும்போது எஞ்சினே மேலே ஏற்றிவிடும். பல க்ரூஸர்களில் சென்டர் ஸ்டாண்ட் கிடையாது என்பதால் செயின் துடைக்கப் பின்சக்கரத்தைத் தூக்கும் ஸ்டாண்ட் ஒன்றும் தனியாகத் தேவைப்படும்.

குதிரைத்திறனைவிட எந்த ஆர்பிஎம்மில் என்று கேளுங்கள்

ஆர்பிஎம் என்பது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு. க்ரூஸர் எஞ்சினின் சுகம் கீழ் ஆர்பிஎம்மில் இருக்கிறது. மீட்டியாரின் 27 நியூட்டன் மீட்டர் 4000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். அந்த இடத்தில் கிடைக்கும் திறன் சுமார் 15 குதிரை. உச்சமான 20.2 குதிரை 6100 ஆர்பிஎம்மில்தான் வரும், அங்கே டார்க் 24-க்கும் கீழே இறங்கியிருக்கும். அதாவது முறுக்க முறுக்கப் பொங்கி வரும் எஞ்சின் இல்லை இது. நாலாவது கியரில் மெதுவாகப் போய், கியர் மாற்றாமலே லேசாக இழுத்துக்கொண்டு வரும். மணிக்கு 60 முதல் 80 கி.மீ. வரை போகிறவருக்கு இதைவிட இதமான ஓட்டம் கிடைக்காது. நெடுஞ்சாலையில் 100-க்கு மேல் தொடர்ந்து போய், பின்னால் ஒருவரையும் உட்காரவைத்து, லாரியை முந்த நினைப்பவருக்கு 350 சிசி சிங்கிள் (ஒரே சிலிண்டர்) எஞ்சின் போதாது. ஓட்டுபவர் 75 கிலோ, பின்னால் 65 கிலோ என்றால் மொத்தம் 331 கிலோவை 20 குதிரை இழுக்கிறது. அவருக்கு 500 முதல் 650 சிசி வரையிலான ட்வின் (இரண்டு சிலிண்டர்) எஞ்சின்தான் தோது.

சத்தத்துக்காக, இரண்டு சிலிண்டரும் V வடிவில் நிற்கும் வி-ட்வின்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. சூப்பர் மீட்டியார் 650, ரெபல் 1100 போன்றவற்றில் உள்ள பேரலல் ட்வின்களில் (இரண்டு சிலிண்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை), பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங்க்கை 270 டிகிரியில் அமைத்திருக்கிறார்கள். வெடிப்புகளின் இடைவெளி 270 டிகிரி, 450 டிகிரி என்று மாறி மாறி வருவதால், 90 டிகிரி வி-ட்வினின் அதே தாளம் கிடைக்கும். வி-ட்வினுக்கு இருக்கும் ஒரு தொல்லையும் இதில் இல்லை. வி-ட்வினில் பின் சிலிண்டர் சரியாகத் தொடைக்குக் கீழே இருக்கும். காற்றில் குளிரும் எஞ்சினாக இருந்தால், நெரிசலில் நின்று நின்று போகும்போது தொடையின் உட்பக்கம் வேகும். பெரிய வி-ட்வின்கள் சிலவற்றில், நிற்கும்போது பின் சிலிண்டரை மட்டும் தற்காலிகமாக ஓய்வில் விடும் ஏற்பாடே வைத்திருக்கிறார்கள் என்றால் சூட்டை யூகித்துக்கொள்ளலாம். தினமும் நகர நெரிசலில் ஒரு மணி நேரம் போகிறவர் பெரிய ஏர்-கூல்டு வி-ட்வின் பக்கமே போக வேண்டாம்.

வளைவில் என்ன நடக்கும்

க்ரூஸரில் விழுந்தவர்களின் கதையைக் கேட்டால் ஒரே மாதிரி இருக்கும்: வளைவுக்குள் கொஞ்சம் வேகமாகப் போனார், கீழே ‘கர்ர்ர்’ என்று உரசும் சத்தம் கேட்டது, பயந்து வண்டியை நிமிர்த்தினார், வண்டி வளைவைவிட்டு வெளியே போய்விட்டது.

காரணம் சாயும் அளவு. ஃபுட்ரெஸ்ட் தாழ்வாக, அகலமாக இருப்பதால் பல க்ரூஸர்கள் 30 டிகிரி அளவில் சாய்ந்ததுமே தரையைத் தொட்டுவிடும். எஞ்சினை மூடும் உறை இல்லாத சாதாரண நேக்கட் பைக் 40 டிகிரியைத் தாண்டியும் சாயும். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொண்டால், கணக்குப்படி 30 டிகிரி சாய்வில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் திரும்பலாம், 42 டிகிரியில் 75 கி.மீ. வரை போகலாம். அகலமான பின் டயர் இருந்தால் அதே வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய வேண்டியிருப்பதால், க்ரூஸரின் எல்லை நடைமுறையில் அதற்கும் கீழேதான். ஃபுட்ரெஸ்ட் மடங்கும் என்பதால் அது உரசுவது வெறும் எச்சரிக்கை. அதற்குப் பிறகும் சாய்த்தால் மடங்காத சைடு ஸ்டாண்டோ சைலன்சர் கிளாம்ப்போ தரையில் ஊன்றி, சக்கரத்தையே தூக்கிவிடும். மலைப்பாதைக்கு அடிக்கடி போகும் ஆள் என்றால், வாங்க நினைக்கும் வண்டியில் ஃபுட்ரெஸ்டுக்கு அடுத்து எந்தப் பாகம் தரைக்கு நெருக்கமாக இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் அந்த இடைவெளி இன்னும் குறையும்.

நீளமான வண்டிக்கு வேகத்தடையும் பகைதான். 1500 மி.மீ. வீல்பேஸும் (இரு சக்கரங்களின் நடுமையத்துக்கு இடையிலான தூரம்) 135 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸும் (தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) சேர்ந்தால், உயரமான வேகத்தடையில் இருவரோடு ஏறும்போது அடிவயிறு தட்டும். வழக்கமாகப் போகும் வழியில் அப்படிப்பட்ட தடைகள் நாலைந்து இருந்தால், வண்டியை எடுத்துப் போய் அவற்றின் மேல் ஏற்றிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

மெதுவாகத் திரும்புவதும் தனிக்கலை. முன் ஃபோர்க் அதிகம் சரிந்திருப்பதால், நடை வேகத்தில் ஹேண்டில்பாரைத் திருப்பினால் முன்சக்கரம் ‘தொப்’பென்று உள்ளே விழப் பார்க்கும். அந்த நேரத்தில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி கீழேதான். கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, போக வேண்டிய இடத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். காலி மைதானத்தில் ஒரு வாரம் பழகினால் கைவந்துவிடும்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எடை பின்னால் தாழ்வாக இருப்பதால் க்ரூஸரில் பின் பிரேக்குக்கு மற்ற பைக்குகளைவிட மதிப்பு அதிகம். அதனாலேயே பின்சக்கரத்தைப் பூட்டவிடும் பழக்கமும் வந்துவிடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். முன் பின் இரண்டுக்கும் உள்ள வண்டியாகப் பாருங்கள். முன்சக்கரத்துக்கு மட்டும் உள்ளது போதாது.

பின்னால் உட்காருபவர், பெட்ரோல், சக்கரம்

பின்சீட் பல க்ரூஸர்களில் பெயருக்குத்தான். வாங்கும்போது, பின்னால் உட்காரப்போகும் ஆளையும் டெஸ்ட் ரைடுக்கு அழைத்துப் போங்கள். பின்சாய்மானம் இல்லாத குறுகிய சீட்டில், ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் அவர் பின்னால் நழுவுவார். சாய்மானத்தைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம், ஆனால் அது பின் மட்கார்டோடு சேர்கிறதா, ஃபிரேமோடு சேர்கிறதா என்று பாருங்கள். மட்கார்டு தகட்டில் மட்டும் தாங்கி நிற்பது நாளடைவில் விரிசல் விடும். கையேட்டில் அதிகபட்சச் சுமை எவ்வளவு என்றும் இருக்கும். இரண்டு பேர், ஹெல்மெட், பை எல்லாம் சேர்த்து அதற்குள் வர வேண்டும். இருவருமே கொஞ்சம் உடம்பானவர்கள் என்றால் சில வண்டிகளில் பை வைக்கவே இடம் மிஞ்சாது.

டேங்க் அழகுக்காகச் சிறுத்துவிடுவதும் உண்டு. ஹார்லி ஃபார்ட்டி-எயிட்டின் டேங்க் 8 லிட்டரைத் தொடாது. லிட்டருக்கு 20 கி.மீ. கொடுத்தாலும் 120 கி.மீ. தாண்டினாலே அடுத்த பங்க்கைத் தேட வேண்டியதுதான். கணக்குப் போடும்போது டேங்க் கொள்ளளவில் இரண்டு லிட்டரைக் கழித்துவிட்டு மைலேஜால் பெருக்குங்கள். அந்த எண் 200-க்குக் கீழே வந்தால் நீண்ட பயணத்தில் எரிச்சல் வரும்.

சக்கரத்தைப் பொறுத்தவரை அலாய் எடுப்பதே நல்லது. ஸ்போக் சக்கரம் கிளாசிக் தோற்றத்துக்கு உயிர்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான ஸ்போக் சக்கரங்களில் ட்யூப் இருக்கும். ஆணி குத்தினால் காற்று சட்டென்று இறங்கும், பஞ்சர் போட சக்கரத்தையே கழற்ற வேண்டும், சென்டர் ஸ்டாண்டும் இல்லாவிட்டால் நடுவழியில் அது நடக்காத காரியம். ட்யூப்லெஸ்ஸில் ஆணி உள்ளேயே இருக்கக் காற்று மெல்லத்தான் இறங்கும், பிளக் வைத்துப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். டயர் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். 130/90-16, 150/80-16 போன்ற க்ரூஸர் அளவுகளில் கிடைக்கும் டயர் ரகங்கள், சாதாரண 17 அங்குல டயர்களைவிடக் குறைவு.

எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது செயினா, பெல்ட்டா, ஷாஃப்ட்டா (சுழலும் தண்டு)? செயின் என்றால் 500 முதல் 800 கி.மீ.க்கு ஒருமுறை துடைத்து ஆயில் போட வேண்டும், மழையில் ஓட்டினால் அன்றே. பெல்ட்டுக்கு ஆயிலும் வேண்டாம், சத்தமும் இல்லை, பல பத்தாயிரம் கி.மீ. உழைக்கும். ஆனால் ஜல்லி ரோட்டில் கூரான கல் ஒன்று பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் சிக்கினால் ஓட்டை விழும், வழியில் ஒட்டுப்போட முடியாது. ஷாஃப்ட்டுக்கு எப்போதாவது ஆயில் மாற்றினால் போதும், எடை கூடும். தார் ரோட்டிலேயே போகிறவருக்கு பெல்ட், மண் ரோட்டில் இறங்குபவருக்கு செயின்.

டெஸ்ட் ரைடு என்றால் முக்கால் மணி நேரமாவது

ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பது டெஸ்ட் ரைடு ஆகாது. குறைந்தது 45 நிமிடம் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தாலும் நஷ்டமில்லை. வழியில் நெரிசல், உடைந்த ரோடு, உயரமான வேகத்தடை, 90 கி.மீ. வேகத்தில் தொடர்ந்து 15 நிமிடம் போகும் நெடுஞ்சாலை, ஒரு யூ-டர்ன், கொஞ்ச தூரம் பின்னால் ஆளோடு என்று எல்லாம் இருக்கட்டும்.

நெடுஞ்சாலையில் கவனிக்க வேண்டியவை மூன்று. கால் முன்னாலும் கை மேலேயும் இருப்பதால் உடம்பு பாய்மரம் போலக் காற்றை வாங்கும், 100-ஐ நெருங்கும்போது ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குவது போல இருக்கும். காற்றுத் தடுப்புக் கண்ணாடி முன்னால் வைத்தால் நெஞ்சில் அடிக்கும் காற்று குறையும், ஆனால் உயரம் சரியில்லாத கண்ணாடி காற்றைக் கிளப்பி நேராக ஹெல்மெட்டில் மோத வைக்கும். அடுத்தது அதிர்வு: எந்த வேகத்தில் பக்கக் கண்ணாடியில் பின்வரும் வண்டி மங்கலாகிறது, எப்போது விரல் மரத்துப்போகிறது என்று பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் வேகமும் அதிர்வு உச்சத்தைத் தொடும் வேகமும் ஒன்றாக இருந்தால் அந்த வண்டி வேண்டாம். மூன்றாவது, இறங்கியதும் முதுகு. இறங்கி நேராக நிமிரும்போது கீழ்முதுகு ‘பிடித்துக்கொண்ட’ மாதிரி இருந்தால், ஃபுட்ரெஸ்ட் நடுவில் உள்ள வண்டியை அடுத்து ஓட்டிப் பாருங்கள்.

பழைய க்ரூஸர் வாங்குவதானால்

‘பத்து வருஷம் ஆச்சு, ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு’ என்று வரும் வண்டிதான் இந்த ரகத்தில் பெரிய பொறி. க்ரூஸர்களில் நிறைய, ஓடியதைவிட நின்ற காலமே அதிகம். ஓடாமல் நின்ற வண்டியில் டயர் கல்லாகிவிடும், பெல்ட்டும் ரப்பர் குழாய்களும் வெடிக்கும், பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து காலிப்பர் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும், கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து ஜெட் எனும் சின்னத் துளை அடைத்துக்கொள்ளும். டயர், பேட்டரி, பெல்ட், ஃபோர்க் ஆயில் சீல், எல்லா ஆயிலும் என்று போட்டால் வரும் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். ஒழுங்காக சர்வீஸ் செய்து 30,000 கி.மீ. ஓடிய வண்டி பல நேரம் இதைவிட மேல்.

பார்க்கப் போவதற்கு முன், எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை, சிலிண்டருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பது. சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப் பார்க்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் முதல் நிமிடத்தில்தான் டைமிங் செயின் சலசலப்பும் நீலப் புகையும் காட்டிக்கொடுக்கும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் (டயரின் மேல் உள்ள வரிப்பள்ளம்) எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அருகே காட்டும், 3000 ஆர்பிஎம்மில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13-க்குக் கீழேயே நின்றால் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரிலோ அதை அளவாக அனுப்பும் ரெகுலேட்டரிலோ கோளாறு, 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. அப்படியே விட்டால் புதுப் பேட்டரியையும் அது கொதிக்க வைத்துவிடும்.

முன்சக்கரத்தைத் தரையைவிட்டுத் தூக்கி ஹேண்டில்பாரை மெல்ல இரண்டு பக்கமும் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து உட்காருவது போலத் தோன்றினால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) போய்விட்டது. கனமான முன்பகுதி உள்ள க்ரூஸரில் இது சகஜம். ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டிப் பாருங்கள். குரோம் பொத்தல் இருந்தால் புது ஆயில் சீல் போட்டாலும் மாதக் கணக்கில் தாங்காது. செயின் வண்டி என்றால் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில் செயினைப் பின்னால் இழுங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஓட்டும்போது, நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகுங்கள். எஞ்சின் மட்டும் உறுமி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கவும் மறக்க வேண்டாம், உள்ளே செந்துரு இருந்தால் அது எரிபொருள் பம்ப் வரை போயிருக்கும்.

மாற்றங்கள் செய்த வண்டியில் இரண்டு மடங்கு எச்சரிக்கை வேண்டும். சைலன்சரை மட்டும் மாற்றி, அதற்கேற்ப ஜெட்டையோ இன்ஜெக்ஷன் மேப்பையோ (எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்ற கணக்கு) மாற்றாமல் விட்டால், காற்றோடு சேரும் பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ‘பட் பட்’டென்று வெடித்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், சைலன்சர் இணைப்பில் கசிவு இருந்தாலும் இதே சத்தம் வரும். பின் மட்கார்டை அறுத்திருந்தால் ஃபிரேமிலும் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று தேடுங்கள். ஹெட்லைட் டூமைத் திறந்து பார்த்தால் ஒயரிங்கில் யார் கைவைத்தார்கள் என்று தெரியும். இன்சுலேஷன் டேப் சுற்றிய முடிச்சுகள் குவிந்து கிடந்தால் மழைக்காலத்தில் அவஸ்தை. கம்பெனியிலிருந்து வந்த பழைய சைலன்சர், சீட், ஹேண்டில்பார் இருக்கிறதா என்று கேளுங்கள். அவை இல்லாமல் சில இடங்களில் தகுதிச் சோதனையிலேயே தேறாது.

ஃபிரேமில் குத்திய எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றோடு ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள், விற்பவர் வாசித்துக் காட்டுவதை நம்ப வேண்டாம். எண்ணைச் சுற்றி உரசல், புதுப் பெயின்ட், வரிசை கோணிய எழுத்து எது தெரிந்தாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

எல்லாம் சரி, பிடித்தும் இருக்கிறது என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன் பாகங்கள் விற்கும் கவுன்டரில் ஆறு சாமான்களின் விலையையும், கையிருப்பில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்: பின் டயர், பெல்ட் அல்லது செயின் செட், கிளட்ச் கேபிள், முன் பிரேக் பேட், ஒரு இண்டிகேட்டர், கிளட்ச் லீவர். வண்டி ஒருமுறை சைடில் சாய்ந்தால் முதலில் உடைபவை கடைசி இரண்டும். அவற்றுக்கே ‘ஆர்டர் போட்டு ஆறு வாரம்’ என்று பதில் வந்தால், ஆறு வாரம் வண்டி இல்லாமல் உங்களால் இருக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.